168.4 சென்டிமீட்டரும் நீல மூடி ஊசியும்

பென்னாகரம் பையன்:
அண்ணனுங்களுக்கு வணக்கம். வயசு 22. ரெண்டு வருஷமா போலீஸ் செலக்‌ஷனுக்கு ரெடி ஆயினு இருக்கேன். எழுத்துப் பரீட்சை பாஸ், கயிறு ஏறுவேன், 1500 மீட்டர் ஆறு நிமிஷத்துக்குள்ள ஓடிருவேன், ஆனா உயரம் 170 கேக்கறாங்க, நான் 168.4. போன தடவ அந்த கம்பத்துல நிக்க வெச்சி பலகைய தலை மேல இறக்குனாங்க பாருங்க, குதிகால தூக்கிறக்கூடாதுன்னு ஒருத்தர் கீழ குனிஞ்சி பாத்துனு இருந்தாரு, அவ்ளோதான், வெளிய அனுப்பிட்டாங்க. இப்ப எங்க ஜிம் மாஸ்டர் ஒரு ஊசி சொல்றாரு. சிஜேசி-1295ன்னு ஒண்ணு, இபாமோரெலின்னு ஒண்ணு, ரெண்டையும் சேத்து வயித்துல தோலுக்கு அடியில போட்டா உடம்பே குரோத் ஹார்மோன சொரக்குமாம், மூணு மாசத்துல ரெண்டு சென்டி ஏறும்னு சொல்றாரு. ஆறாயிரம் ரூபா. வீட்ல ஆட்டுக்குட்டி வித்த காசுல ரெண்டாயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டேன். இது சேஃபா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓசூர் நைட் ஷிப்ட்:
தம்பி, நான் இத ஆறு மாசமா போட்டுனு இருக்கறவன், அதனால நானே சொல்றேன், உயரம் ஏறாது. உங்க மாஸ்டர் கதை விடறாரு. 22 வயசுல எலும்பு மூடிரும். ஆனா ஊசிய மட்டும் தப்பு சொல்லாத. எனக்கு வயசு 31, கம்பெனில ராத்திரி ஷிப்ட், தோள்பட்டை வலில கைய மேல தூக்க முடியாம இருந்தேன், இப்ப பெஞ்ச் பிரஸ் பழையபடி போடறேன், தூக்கம்னா அப்படி ஒரு தூக்கம், தொப்பையும் ஒரு இஞ்சி உள்ள போயிருச்சி. உயரத்துக்கு வேணாம், ரெக்கவரிக்கு சூப்பர். இது என் அனுபவம்.

களியும் கீரையும்:
மொத பாதிக்கு நைட் ஷிப்ட் அண்ணனுக்கு ஒரு சலாம். தம்பி நல்லா கேட்டுக்கோ. கால் எலும்பு, தொடை எலும்போட முனையில குருத்தெலும்பு தட்டு ஒண்ணு இருக்கும், நீளமா வளர்றது அங்கதான். வயசுக்கு வந்து கொஞ்ச வருஷத்துல அது எலும்பா இறுகிரும். அப்பறம் எவ்ளோ குரோத் ஹார்மோன் ஊத்துனாலும் நீளத்துக்கு வழி கிடையாது, அகலத்துக்குத்தான் போவும். தாடை, மூக்கு, நாக்கு, வெரல், பாதம். அக்ரோமெகலின்னு ஒரு நோய் இருக்குது, மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பில கட்டி வந்து குரோத் ஹார்மோன் அதிகமா சொரந்துனே இருக்கறவங்களுக்கு வரும், அவங்க சொல்ற மொத கம்ப்ளெய்ண்டே மோதிரம் கழட்ட முடியல, செருப்பு சைஸ் மாறிருச்சிங்கறதுதான். உனக்கு ஏற வேண்டியது ஒன்ற சென்டி உயரம், செருப்பு சைஸ் இல்ல.

பாலக்கோடு தக்காளி:
பாதம் தடிச்சா ஒசரம் ஏறும்ல 😂 அந்த கீழ குனிஞ்சி பாக்கறவருக்கு கூட தெரியாது

ஓசூர் நைட் ஷிப்ட்:
களி அண்ணா சொல்றது கட்டி வந்தவனுக்கு. நாம போடறது குரோத் ஹார்மோன் கூட இல்ல. பிட்யூட்டரிய தட்டி எழுப்பி நீயே சொரன்னு சொல்றது. அளவு மீறுனா உடம்பே சோமாடோஸ்டேட்டின்னு இன்னொரு ஹார்மோன விட்டு பிரேக் போட்டுரும். நேரா ஹார்மோன் ஊசி போட்டா அந்த பிரேக் இல்ல, இதுல இருக்கு. அதோட இந்த குடும்பத்துல அனுமதி வாங்குன மருந்தே இருக்கு. டெசாமோரெலினுக்கு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2010ல அனுமதி குடுத்துச்சி. செர்மோரெலின் 1997ல வளர்ச்சி கம்மியான கொழந்தைங்களுக்கே குடுத்தாங்க, பின்னால கம்பெனியே நிறுத்திருச்சி, பாதுகாப்பு பிரச்சினைன்னு நிறுத்தல. அப்ப இது வெஷமா?

களியும் கீரையும்:
நீங்க சொன்னது ரெண்டும் உண்மைதான், நான் மறுக்கல. ஆனா அண்ணன் போலீஸ்ல இருந்தா தம்பியும் போலீஸ் ஆயிருவானா? டெசாமோரெலின் அனுமதி வாங்குனது ஹெச்ஐவி மருந்து சாப்பிடறவங்களுக்கு வயித்துல சேர்ற கொழுப்பைக் கொறைக்க, அதுக்கு மட்டும். கேன்சர் இருக்கறவங்களுக்கு போடக்கூடாது, சுகர் பாக்கணும், ரத்தத்துல ஐஜிஎஃப்-1 (குரோத் ஹார்மோன் ஏறுனா கூடவே ஏற்ற சாமான்) பாக்கணும், இவ்ளோ கண்டிஷனோட குடுத்தது. சிஜேசி-1295க்கும் இபாமோரெலினுக்கும் எந்த நாட்டுலயும் சிகிச்சைக்கு அனுமதி இல்ல. இபாமோரெலின ஆபரேஷனுக்கு அப்பறம் குடல் வேலை செய்யாம நின்னுபோறவங்களுக்கு குடுத்துப் பாத்தாங்க, பலன் இல்லன்னு விட்டுட்டாங்க.

அப்பறம் அந்த பிரேக் கதை. சிஜேசில டாக்னு ஒரு வால் ஒட்டுன வகை இருக்குது, அது ரத்தத்துல இருக்கற ஆல்புமின்ங்கற புரதத்தோட ஒட்டிக்கும், அரை ஆயுளே, அதாவது பாதியா கொறையற நேரமே, ஆறுல இருந்து எட்டு நாள். ஒரே ஒரு ஊசி போட்டு ஐஜிஎஃப்-1 ஒம்போதுல இருந்து பதினோரு நாள் வரைக்கும் ஏறுனபடியே இருந்துச்சின்னு 2006ல வந்த ஆய்வுலயே இருக்கு. நம்ம உடம்பு ராத்திரி தூங்குனப்பறம் அலை அலையா விட்டு நிறுத்தற சாமான இப்படி நாள் கணக்குல மிதிச்சினே இருந்தா பிரேக் இருந்து என்ன, தொப்பூர் எறக்கத்துல லாரிக்கும்தான் பிரேக் இருக்குது.

ஓசூர் நைட் ஷிப்ட்:
நான் போடறது டாக் இல்லாதது. கால் மணி அரை மணில போயிரும்.

களியும் கீரையும்:
டாக் இல்லன்னு யார் சொன்னா?

ஓசூர் நைட் ஷிப்ட்:
விக்கறவன் சொன்னான். சர்டிபிகேட்டும் குடுத்தான். 99.3 பர்சன்ட் ப்யூரிட்டி. ரெண்டு மருந்துக்கும் தனித்தனியா பிடிஎஃப். போட்டோ போடறேன் பாருங்க.

ஜிம் மாஸ்டர் கே:
யாரோ என்னைப் பத்தி பேசறாப்ல தெரியுது. நான் யாரையும் வற்புறுத்தல. கேட்டவங்களுக்கு வாங்கித் தரேன். பேரெழுதாத டப்பாவுல புரோட்டீன் பவுடர் விக்கறத யாரும் கேக்கல, டாஸ்மாக்க யாரும் கேக்கல, ஊசின்னா மட்டும் எல்லாரும் டாக்டர் ஆயிடறீங்க. பாராசிட்டமால்லயும் சைடு எஃபெக்ட் இருக்குது. இவ்ளோ பேர் போடறாங்க, யாராவது செத்தாங்களா?

களியும் கீரையும்:
மாஸ்டர், கேட்டீங்க சொல்றேன். சிஜேசி-1295 ஆராய்ச்சில ஒருத்தர் எறந்துதான் போனாரு, 2006ல, கனடா கம்பெனி ஒண்ணு ஹெச்ஐவி இருக்கறவங்களுக்கு குடுத்துப் பாத்தப்ப. நேர்மையா மீதியையும் சொல்லிடறேன், அவருக்கு முன்னாடியே இதய ரத்தக்குழாய் அடைப்பு இருந்திருக்கு, மருந்தால இல்லன்னுதான் பாத்த டாக்டர் நெனச்சாரு. ஆனா அதோட ஆராய்ச்சி நின்னுபோச்சி. அங்க ஒருத்தர் போனதும் மொத்தத்தையும் நிறுத்தி ஏன்னு பாக்க ஆள் இருந்தாங்க. உங்க ஜிம்முல ஒருத்தனுக்கு நெஞ்சு வலி வந்தா ஏன்னு பாக்க யாரு இருக்கா, ஊசி போட்டதையே வீட்ல சொல்லிருக்க மாட்டான். செத்தாங்களான்னு கேக்கறீங்களே, எண்ணறதுக்கு ஆளே இல்லாத எடத்துல கணக்கு எப்படி வரும்.

சரி போட்டோவுக்கு வர்றேன். நான் ஒரு ஊசி மருந்து கம்பெனில குவாலிட்டி கன்ட்ரோல்ல இருக்கேன், பதினோரு வருஷம், தெனமும் பாக்கறது இந்த கிராஃபதான், மருந்த மிஷின்ல ஓட்டுனா எந்தப் பொருள் எத்தனாவது நிமிஷத்துல வெளிய வருதுன்னு மொனை மொனையா காட்டும். நைட் ஷிப்ட் அண்ணா, உங்க ரெண்டு பிடிஎஃப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாருங்க. ரெண்டுலயும் பெரிய மொனை 11.42 நிமிஷத்துல ஏறுது. பக்கத்துல இருக்கற குட்டி மொனைங்க கூட அதே எடம், அதே ஒசரம். இபாமோரெலின் அஞ்சு அமினோ அமிலம் கோத்த சின்ன சாமான், சிஜேசி அதுக்கு ஆறு மடங்கு நீளம். ரெண்டும் ஒரே நிமிஷத்துல ஒரே மாதிரி வெளிய வர்றது, பாலக்கோடு டவுன் பஸ்ஸும் பெங்களூரு எக்ஸ்பிரஸும் ஒரே நேரத்துல ஒரே சீட்ல ஒரே ஆளோட வந்து நிக்கற மாதிரி. ஒரே கிராஃப எடுத்து மேல பேர மட்டும் மாத்தி அச்சடிச்சிருக்கான். பேட்ச் நம்பரும் வயல்ல, அதான் மருந்து பாட்டில்ல, இல்ல, பேப்பர்ல மட்டும் இருக்குது.

பாலக்கோடு தக்காளி:
எங்க ஊர் பஸ்ஸ ஏன்யா இழுக்கற 😭 அது நேரத்துக்கு வந்ததே இல்ல

ஓசூர் நைட் ஷிப்ட்:
...பாத்தேன். ஒரே மாதிரிதான் இருக்கு. ஆனா மருந்து வேலை செஞ்சுதே. அப்ப உள்ள சரக்கு இருக்குன்னுதானே அர்த்தம்?

களியும் கீரையும்:
இருக்கலாம். சரக்கு இருக்கறதுதான் பாதி பயம். அதோட வேற என்ன இருக்குங்கறது மீதி பயம். நெஜமான 99.3 சர்டிபிகேட்டாவே இருந்தாலும் அது சொல்றது, இருக்கற பெப்டைட்ல (அமினோ அமிலம் கோத்த சங்கிலி) எவ்ளோ சரியான பெப்டைட்னு, அவ்ளோதான். கிருமி இல்லன்னு சொல்லாது. எண்டோடாக்சின் இல்லன்னும் சொல்லாது. எண்டோடாக்சின்னா சில வகை பாக்டீரியாவோட மேல்தோல்ல இருக்கற நஞ்சு, பாக்டீரியா செத்தாலும் அது போவாது. 121 டிகிரில ஆட்டோகிளேவ் பண்ணாலும் நிக்கும், 0.22 மைக்ரான் ஃபில்டர்ல வடிச்சாலும் கூடவே எறங்கி வரும். கண்ணாடி பாட்டில்ல இருந்து அத ஒழிக்க நாங்க 250 டிகிரி சூட்டுல அரை மணி நேரம் வைப்போம், உள்ள இருக்கற மருந்த அப்படி வறுக்க முடியுமா. அதனாலதான் ஒவ்வொரு பேட்சுக்கும் தனியா டெஸ்ட், குதிரைலாட நண்டோட நீல ரத்தத்துல இருந்து எடுத்த பொடில சாம்பிள கலந்து கட்டியாவுதான்னு பாப்போம். கட்டியாச்சின்னா மொத்த பேட்சும் குப்பைக்கு, எத்தனை லட்சம்னாலும். உங்க ஆள் பேப்பர்ல எண்டோடாக்சின் ரிசல்ட் எங்க இருக்குது காட்டுங்க. போட்டு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல குளிர் வந்து கம்பளி போத்தினு படுத்திருக்கீங்களா எப்பவாவது?

ஓசூர் நைட் ஷிப்ட்:
ரெண்டாவது பார்சல் வந்தப்ப ஒருநா. ஷிப்டுக்கு போக முடியல, பல்லு தந்தியடிச்சிது. வைரல் காய்ச்சல்னு நெனச்சேன்.

ஜிம் மாஸ்டர் கே:
அது ஊசி பழகற காய்ச்சல். எல்லாருக்கும் வரும்.

லேப் அக்கா கிருஷ்ணகிரி:
மாஸ்டர் அந்த மாதிரி ஒரு காய்ச்சல் மருத்துவத்துல கிடையாதுங்க.
நான் ரத்த பரிசோதனை லேப்ல இருக்கேன், ரொம்ப நேரமா படிச்சினு இருக்கேன், ஒண்ணு சொல்லணும். போன வருஷம் ஒரு பையன், 27 வயசு, பாத்தா சிலை மாதிரி உடம்பு, இன்சூரன்ஸுக்காக ரத்தம் குடுக்க வந்தான், வெறும் வயித்துல சுகர் 121, அந்த வயசுக்கு தூக்கல். வீட்ல யாருக்கும் சுகர் இல்ல. நான் மறுபடி எடுத்தேன், 118. தனியா கூப்ட்டு கேட்டப்ப, ஊசி இல்லக்கா மாத்திரைதான்னு பையில இருந்து எடுத்துக் காட்டுனான், எம்கே-677ன்னு போட்டிருந்துச்சி, அதுவும் குரோத் ஹார்மோன சொரக்க வெக்கற சாமான்தான். குரோத் ஹார்மோன் இன்சுலினுக்கு எதிரா வேலை செய்யறது பாடப்புத்தகத்துலயே இருக்கு. அந்த எம்கே-677ஐ 60 வயசு தாண்டுன 65 பேர வெச்சி ரெண்டு வருஷம் ஆய்வு பண்ணி 2008ல எழுதிருக்காங்க, கொழுப்பில்லாத எடை ஒரு கிலோ கிட்ட ஏறுச்சி, ஆனா பலம் ஏறல, வெறும் வயித்து சுகர் மட்டும் ஏறுச்சி. இடுப்பு எலும்பு ஒடஞ்ச வயசானவங்களுக்கு குடுத்த இன்னொரு ஆய்வ பாதியிலயே நிறுத்துனாங்க, சிலருக்கு இதயம் செயலிழக்கற அறிகுறி வந்துச்சின்னு.

ஓசூர் நைட் ஷிப்ட்:
அக்கா, எல்லாம் தாத்தா பாட்டிங்க மேல பண்ணது. எனக்கு 31.

லேப் அக்கா கிருஷ்ணகிரி:
அதான் தம்பி நானும் சொல்றேன், 31 வயசுக்காரங்க மேல வருஷக்கணக்குல பண்ணத நான் பாத்ததில்ல. நீதான் அந்த ஆய்வு. ரிப்போர்ட் எழுத ஆளில்லாத ஆய்வு. கடைசியா எப்ப சுகர் பாத்த?

ஓசூர் நைட் ஷிப்ட்:
கம்பெனி சேரும்போது.

ஜிம் மாஸ்டர் கே:
இதெல்லாம் மருந்து கம்பெனிக்காரங்க பரப்பற பயம். அவங்க ஹார்மோன் ஊசி பல ஆயிரம் ரூபாய்க்கு விக்கறாங்க, ஏழைப் பையன் கம்மி காசுல போட்டுட்டா வியாபாரம் படுத்துரும். டாக்டர் கிட்ட போய் தோள் வலின்னு சொன்னா ரெண்டு நிமிஷத்துல மாத்திரை எழுதி அனுப்பிடறாரு, ஒடம்புல கை வெச்சி கூட பாக்கறதில்ல. நாங்கதான் பையனுங்க கூட மூணு மணி நேரம் நிக்கறோம்.

களியும் கீரையும்:
டாக்டர் விஷயத்துல நீங்க சொல்றது பாதி சரி, நானும் அந்த ரெண்டு நிமிஷத்துல நின்னவன்தான். அதுக்காக ஸ்டிக்கர்ல மனுஷ உபயோகத்துக்கு இல்லன்னு அவனே எழுதி அனுப்பறத மனுஷனுக்கு போடலாமா? ஆராய்ச்சிக்கு மட்டும்னு ஒரு வரி போட்டுட்டா விக்கறவன் தப்பிச்சான், போட்டுக்கறவன் எலி ஆயிட்டான். அமெரிக்காவுல இத கலந்து விக்கற பார்மசிங்களுக்கே 2023ல எஃப்டிஏ ஒரு லிஸ்ட் போட்டுச்சி, பாதுகாப்பு ஆபத்து இருக்கற சரக்குன்னு, அதுல சிஜேசி-1295, இபாமோரெலின், இதே மாதிரி ஜிஹெச்ஆர்பி-2, ஜிஹெச்ஆர்பி-6ன்னு இருக்கறதெல்லாம் வந்துச்சி. சொன்ன காரணம் ரெண்டு முக்கியமானது, அசுத்தம், அப்பறம் உடம்போட எதிர்ப்பு சக்தி இத எதிரியா பாத்து சண்டைக்கு போறது. பெப்டைட் கோக்கும்போது ஒரு கண்ணி விட்டுப்போன சாமானும் கூடவே வரும், வெயில்ல கெடந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டியாவும், உடம்பு அதுக்கு ஆன்டிபாடி செய்யும்.

வெயிலுன்னதும் ஞாபகம் வருது, தூளா இருக்கும்போது கொஞ்சம் தாங்கும், தண்ணி கலந்தப்பறம் ரெண்டுல இருந்து எட்டு டிகிரிக்குள்ள வெச்சாகணும். நைட் ஷிப்ட் அண்ணா எங்க வெக்கறீங்க?

ஓசூர் நைட் ஷிப்ட்:
ஃப்ரிட்ஜ் கதவுல, முட்டை வெக்கற குழில. கரண்ட் போனா போவும்தான். நீல மூடி ஒண்ணு, செவப்பு மூடி ஒண்ணு, லேபிள் இல்ல, மூடி கலர வெச்சித்தான் எது எதுன்னு தெரியும். எங்கம்மா கண் சொட்டு மருந்தும் அங்கதான் இருக்கு, யோசிச்சா கொஞ்சம் திக்குனுதான் இருக்கு.

பென்னாகரம் பையன்:
அண்ணா ஒரு டவுட். எங்க ஜிம்முல ஒரே பாட்டில்ல இருந்து மூணு பேர் எடுக்கறாங்க, காசு மிச்சம்னு. ஊசி மாத்திக்குவாங்க. ஒருநா ஊசி தீந்துபோச்சி, சுடுதண்ணில கழுவி போட்டாங்க.

லேப் அக்கா கிருஷ்ணகிரி:
அய்யோ சாமி. தம்பி இத கேட்டதும் மத்த எல்லாத்தையும் விட்டுரு. ஹெபடைடிஸ் பி, சி, ஹெச்ஐவி மூணும் பரவற வழி அதுதான். ஒருத்தன் போட்ட ஊசி மறுபடி அந்த ரப்பர் மூடிக்குள்ள ஒரு தடவ போயிருந்தாக்கூட மொத்த பாட்டிலும் போச்சி, புது ஊசி மாத்தி பிரயோஜனம் இல்ல. அந்த மூணு பேரையும் கெவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு போவச் சொல்லு, ஐசிடிசி மையத்துல ஹெச்ஐவி டெஸ்ட் இலவசம், பேர் வெளிய போவாது. இன்னிக்கே போவட்டும், திட்ட மாட்டாங்க.

ஜிம் மாஸ்டர் கே:
அது நான் இல்லாதப்ப நடந்தது.

பாலக்கோடு தக்காளி:
நீங்கதான மூணு மணி நேரம் கூட நிக்கறவரு?

ஓசூர் நைட் ஷிப்ட்:
மாஸ்டர் இதுல நான் உங்க பக்கம் இல்ல. நான் போடறதே என் ரிஸ்க், ஆனா 22 வயசு பையன்கிட்ட உயரம் ஏறும்னு சொல்லி ஆட்டுக்காசு வாங்கறது வேற. அதுவும் போலீஸ் போவப் போறவன்கிட்ட.

ஆனா களி அண்ணா, ஒண்ணு கேக்கறேன், கோவப்படாதீங்க. ஆறு மாசம் ஆச்சி, எனக்கு ஒண்ணும் ஆகலையே. ஒரே ஒருநா குளிர் காய்ச்சல், வெரல் கொஞ்சம் மரத்துபோவுது காலைல, அவ்ளோதான்.

களியும் கீரையும்:
கோவம் எதுக்கு. காலைல வெரல் மரத்துபோறது, அதுவும் கட்டை வெரல்ல இருந்து மூணு வெரலா? மணிக்கட்டுல நீர் கோத்து நரம்ப அமுக்கும், குரோத் ஹார்மோன் அதிகமானா வர்ற பழைய அறிகுறி அது. வேற காரணமும் இருக்கலாம், பாக்கணும்.

ஆறு மாசத்துல ஒண்ணும் ஆகலன்னு சொன்னீங்க இல்ல, ஒரு பழைய கதை சொல்றேன். குரோத் ஹார்மோன லேப்ல செய்யக் கத்துக்கறதுக்கு முன்னாடி, செத்தவங்க பிட்யூட்டரில இருந்து எடுத்து வளராத கொழந்தைங்களுக்கு போட்டாங்க. டாக்டருங்களே, நல்ல எண்ணத்துலதான். கொழந்தைங்க வளந்தாங்க, எல்லாருக்கும் சந்தோஷம். பல வருஷம் கழிச்சி அதுல சிலருக்கு மூளை பஞ்சு மாதிரி ஆவற குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய் வந்துச்சி, ஊசில கூட வந்த அசுத்தத்தால. 1985ல அமெரிக்காவுல நிறுத்துனாங்க. இப்ப உங்க வயல்ல அந்த நோய் இருக்குன்னு நான் சொல்லல, இது செயற்கையா கோக்கறது. ஊசி வழியா உள்ள போனது கணக்கு தீக்க ஆறு மாசம்தான் எடுத்துக்கும்னு எந்த சட்டமும் இல்லங்கறதுக்கு சொன்னேன். ஐஜிஎஃப்-1 செல்ல வளருன்னு சொல்ற சாமான், அது நல்ல செல்லு கெட்ட செல்லுன்னு பாத்து பேசாது.

லேப் அக்கா கிருஷ்ணகிரி:
நைட் ஷிப்ட் தம்பி, வாதம் போதும். நாளைக்கு வெறும் வயித்துல போய் சுகர், ஹெச்பிஏ1சி ரெண்டும் குடு. ஐஜிஎஃப்-1 வெளியூர் லேபுக்கு அனுப்புவாங்க, ரெண்டு மூணு நாள் ஆவும்.

பென்னாகரம் பையன்:
அப்ப எனக்கு வழியே இல்லையா?

களியும் கீரையும்:
தம்பி, காலைல எழுந்ததும் அளந்துருக்கியா? ராத்திரி படுத்தா முதுகுத்தண்டு வட்டுங்க நீர் புடிச்சி ஒரு சென்டி வரைக்கும் கூட இருக்கும், சாயங்காலம் அமுங்கிரும். நீ ஓடிட்டு, மூட்டை தூக்கிட்டு நின்னியா? கூன் போட்டு நிக்கற பழக்கம் இருந்தா அதுலயும் கொஞ்சம் போவும். இதுல 170 வருமான்னா சத்தியம் பண்ண மாட்டேன். வரலன்னா வி.ஏ.ஓ., ஜூனியர் அசிஸ்டென்ட்டுக்கு யாரும் பலகைய தலைல இறக்க மாட்டாங்க, உனக்கு எழுத்துப் பரீட்சைதான் நல்லா வருதே. இன்னொண்ணு, கபடி கிபடி ஆடறதுன்னா இந்த ஊசி உலக ஊக்கமருந்து தடுப்பு லிஸ்ட்ல எப்பவும் தடை, மாட்டுனா நாலு வருஷம்.

ஓசூர் நைட் ஷிப்ட்:
நாலு நாள் கழிச்சி வர்றேன். ரிப்போர்ட் வந்துச்சி. வெறும் வயித்துல 109, ஹெச்பிஏ1சி 5.9, ரெண்டும் கொஞ்சம் தூக்கல். ஐஜிஎஃப்-1 இன்னும் வரல. மாம்பழ சீசன் அக்கா, வீட்ல மல்கோவா கூடை கூடையா இருக்கு, அதனாலயா இருக்கும்.

லேப் அக்கா கிருஷ்ணகிரி:
ஹெச்பிஏ1சி மூணு மாச கணக்கு. மாங்கா பழுத்தே மூணு வாரம்தான் ஆவுது.

ஓசூர் நைட் ஷிப்ட்:
தெரியும். சும்மா சொல்லிப் பாத்தேன். ரெண்டு வயல் மிச்சம் இருக்கு, தூக்கிப் போட மனசு வரல, பாப்போம். அம்மா சொட்டு மருந்த மட்டும் வேற தட்டுக்கு மாத்திட்டேன்.

களியும் கீரையும்:
வயல தூக்கிப் போடாதீங்க, டாக்டர்கிட்ட போவும்போது எடுத்துனு போங்க, என்ன போட்டீங்கன்னு அவருக்கு தெரியணும்.

பென்னாகரம் பையன்:
அண்ணா, இன்னிக்கி காலைல அஞ்சரைக்கு எழுந்ததும் தங்கச்சிய வெச்சி சுவத்துல கோடு போட்டு அளந்தேன், 169.2. இன்னும் எட்டு மில்லிமீட்டர். அந்த மூணு பேர்ல ரெண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, ஒருத்தன் வரல. மாஸ்டர் ரெண்டாயிரத்த திருப்பித் தர மாட்டேங்கறாரு, வேணும்னா அந்த காசுக்கு புரோட்டீன் டப்பா எடுத்துக்கோன்றாரு. டப்பாவ பாத்தேன், அதுலயும் பேர் எழுதல.